நானூற்றுப் பன்னிரண்டாம் எண்

மின்னஞ்சல் வந்தபோது சித்ரலேகா பாளையங்கோட்டை மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் மூன்று காயோடு நின்றபடியே போனைத் திறந்து படித்தாள். டயாலிசிஸ் மையத்துக்கு அவள் எழுதிக்கொடுத்திருந்த மென்பொருளுக்கு சர்வர் வாடகைக்குக் கொடுத்திருந்த நிறுவனத்தார் எழுதியிருந்தார்கள். அந்த மென்பொருளுக்கு அடித்தளமாக இருக்கிற பழைய பிரேம்ஒர்க்கை வருகிற டிசம்பர் முப்பத்தொன்றோடு தங்கள் சர்வரிலிருந்து எடுக்கப் போகிறார்கள். அதற்குள் புதியதற்கு மாறிக்கொள்ள வேண்டும். இதேபோல முன்பு இரண்டு கடிதம் வந்து, இரண்டு முறையும் கெடு தள்ளிப்போயிருந்தது. இம்முறை தள்ளாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"காய எடுக்கியளா, வச்சிட்டுப் போறியளா?" என்றாள் கடைக்காரி.

சித்ரலேகா வைத்துவிட்டு வெறும் பையோடு ஸ்கூட்டரை எடுத்தாள். பெருமாள்புரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல் வண்ணார்பேட்டை வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அங்கிருந்து திரும்பினாள். கடிதத்தைப் படித்ததும் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. அது சந்தோஷம். அதுதான் அவளை உலுக்கியது.

அவளுக்கு வயது நாற்பத்தைந்து. சொந்த ஊர் சீவலப்பேரி. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். பாளையங்கோட்டையில் இயற்பியல் வாத்தியாராக இருந்த அருணாசலத்தைக் கல்யாணம் செய்து ஊர் திரும்பினாள். அதன்பிறகு பள்ளிக்கூடங்களுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் இணையதளம் செய்துகொடுத்துக் காலம் ஓடியது. 2011இல் அவளுடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. ஒரு அறக்கட்டளை பாளையங்கோட்டையில் இலவசமாக நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்கு வாரம் இரண்டு நாள் அவரை அழைத்துப் போனாள். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் வராந்தா பெஞ்சில் காத்திருக்க வேண்டும். யாருக்கு எந்த நாள், எந்த ஷிப்டு, எந்த மெஷின் என்பதையெல்லாம் நர்சு ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரே மெஷினுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் அப்பா. அன்றைக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தவள்தான். ஆறு வாரத்தில் அந்த மென்பொருளை எழுதி முடித்தாள்.

அப்பா 2014இல் இறந்துபோனார். மென்பொருள் நின்றுவிடவில்லை. எட்டு மெஷின் பதினான்கு ஆனது. நூற்று இருபது பேருக்கு அது தினமும் நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. முந்தின நாளே அவர்களுடைய போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு நிபந்தனையை அதில் சேர்ப்பாள். மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின். முகம்மது இப்ராஹிமுக்கு வெள்ளிக்கிழமை மதியம் கூடாது, ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும். சீவலப்பேரிக்காரர்களுக்கு மூன்றாவது ஷிப்டு கூடாது, டவுன் பஸ் கிடைக்காது. எதையும் தனியாக எழுதி வைக்கவில்லை. எல்லாம் மென்பொருளின் நிரல் வரிகளுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன.

அது ஓடிற்று. ஓடுவதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குத்தான் சலித்துப்போயிருந்தது. அதைத் திறக்கும்போதெல்லாம் பத்து வருடத்துக்கு முந்தைய தன்னுடைய கையெழுத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதுபோல இருந்தது. கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். கடிதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பழைய சென்னை அலுவலக நண்பன் ஜெயராம் போன் செய்திருந்தான். அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்.

"உன் பயோடேட்டால எல்லாமே பழசா இருக்கு சித்ரா. புது பிரேம்ஒர்க்ல ஒண்ணு, நிஜமா ஆளுங்க பயன்படுத்துற மாதிரி ஒண்ணு, காட்டு. நான் உள்ள தள்ளிடுறேன்" என்றான்.

அன்று சாயங்காலம் அருணாசலத்திடம் கடிதத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"மாத்தலேன்னா நின்னுருமா?"

"நிக்காது. சென்டர்லயே ஒரு கம்ப்யூட்டர்ல பழசை அப்படியே ஏத்தி, இன்டர்நெட் இல்லாம ஓட்டலாம். நாலஞ்சு வருஷம் ஓடும். மெசேஜ் மட்டும் போகாது."

"மாத்துனா?"

"பூராவும் திரும்ப எழுதணும். மூணு நாலு மாசம்."

"இதுல ஒண்ணு சொல்லு. மாத்துதது அவங்களுக்கு வேணுமா, உனக்கு வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் வெடுக்கென்று. எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

அறக்கட்டளையின் செயலாளர் அம்மையப்பன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நிதானமானவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஓடுததை எதுக்குத் தொடணும்?" என்றார். "இங்கன படுத்திருக்கவங்க ரத்தம் அந்த மெஷின் வழியா வெளிய போயி உள்ள வருது. நேரம் மாறிப்போனா உசுருக்கு ஆபத்து. மெசேஜ் போகலேன்னா பாத்திமா போன் போட்டுச் சொல்லிரும்."

மைதீன் பாத்திமா மையத்தின் மூத்த டெக்னீசியன். பத்து வருடமாக அந்தப் பட்டியலோடு வாழ்பவள். "நூத்தி இருபது பேருக்கும் நான் போன் போட்டா, மெஷினை யாரு சார் பாக்க?" என்றாள்.

பேச்சு அங்கேயே நின்றது. எழுதிப் பாருங்கள், பழசைத் தொடாதீர்கள், பிறகு முடிவெடுக்கலாம் என்று அம்மையப்பன் எழுந்துவிட்டார்.

சித்ரலேகா அதற்காகவே காத்திருந்தவள்போல ஆரம்பித்தாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து எட்டு மணி வரை எழுதினாள். புதிய பிரேம்ஒர்க் அவளுக்குப் பிடித்திருந்தது. பழையதில் நாற்பது வரி எடுத்தது இதில் ஆறு வரியில் முடிந்தது. உடம்பில் ஒரு பரபரப்பு இருந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது விரல் இலையில் தாளம் போட்டது. ஜெயராமுக்கு நடுநடுவே படம் எடுத்து அனுப்பினாள். ஏழு வாரத்தில் பட்டியல் போடும் பகுதி முடிந்தது.

அதன்பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டாள். ஒரே விவரங்களை இரண்டுக்கும் கொடுத்தால் ஒரே பட்டியல் வர வேண்டும். முதல் நாள் நாற்பத்தொரு இடத்தில் வேறுபாடு. புதியது இப்ராஹிமை வெள்ளிக்கிழமை மதியம் படுக்க வைத்திருந்தது. சீவலப்பேரிக்காரர்களை இரவு எட்டு மணிக்கு வெளியே விட்டது. ஒவ்வொன்றும் அவள் மறந்துபோன ஏதோ ஒரு நிபந்தனை. பழைய நிரலுக்குள் தேடித் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகப் புதியதில் சேர்த்தாள். நாற்பத்தொன்று பதினெட்டானது. பதினெட்டு ஐந்தானது. இரண்டாவது வாரக் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நானூற்றுப் பன்னிரண்டாம் எண் நோயாளி. பழையது அவரை செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு, மூன்றாவது ஷிப்டில் போட்டது. புதியது பகல் பதினொன்றுக்கு, இரண்டாவது ஷிப்டில் போட்டது.

இரண்டு நாள் தேடினாள். காரணம் பிடிபடவில்லை. அதற்குள் ஜெயராம், அடுத்த வாரம் நேர்முகம் வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தான். மூன்றாம் நாள் புதிய நிரலில் ஒரு வரி எழுதினாள்: நோயாளி எண் 412 என்றால் மூன்றாவது ஷிப்டு. இரண்டு பட்டியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். வெற்றி என்று தோன்றவில்லை. விடை தெரியாத கணக்கில் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள்.

பாத்திமா ஒரு மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்திமா, நானூத்திப் பன்னிரண்டு யாரு?"

"வடிவம்மா டீச்சர். ஏரல்ல இருந்து வாராவ. ஏன்க்கா?"

"அவங்களுக்கு ஏன் மூணாவது ஷிப்டு? அவங்களே கேட்டு வாங்கினாங்களா?"

பாத்திமா கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "இல்லியே. முன்ன ரெண்டாவதுலதான் வருவாவ. வெள்ளத்துக்குப் பொறவுதான் மூணாவது. அந்த சமயம் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆளுக யாருமே வரலேல்லா. பாலம் போச்சு, ரோடு போச்சு. திரும்பி வந்தப்ப எடம் எங்க காலியோ அங்க போட்டுச்சு கம்ப்யூட்டர். கேட்டவங்களுக்கு நான் கையால மாத்திக் குடுத்தேன். டீச்சர் கேக்கல."

2023 டிசம்பர் வெள்ளம். அதன்பின் ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

சித்ரலேகா அதே வராந்தாவில் லேப்டாப்பைத் திறந்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்தது. தொடர்ந்து இரண்டு முறை வராதவருடைய இடம் அடுத்தவருக்குப் போகும். அவர் திரும்பி வந்தால் தற்காலிகமாக வேறு இடம் கொடுத்து, மூன்று வாரம் கழித்துப் பழைய நேரத்துக்கே கொண்டுவர வேண்டும். அதை 2012இல் அவசரத்தில் எழுதியிருந்தாள். தேதியில் நாளும் மாதமும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள், வருடத்தைச் சேர்க்கவில்லை. முடிகிற தேதி தொடங்குகிற தேதிக்கு முன்னால் வந்தால் அது ஏதோ தப்பான பதிவு என்று ஒதுக்கிவிடச் சொல்லியிருந்தாள். டிசம்பர் இருபத்துமூன்றில் தொடங்கி ஜனவரி பதிமூன்றில் முடிவது, வருடம் இல்லாமல் பார்த்தால், தப்பான பதிவுதான். நிரல் அதை ஒதுக்கியது. ஒவ்வொரு நாளும் ஒதுக்கியது. நடுவில் அந்தப் பதினொரு மணி இடம் ஒரு முறை காலியாகி, இப்போது மறுபடி காலியாகக் கிடந்தும், வடிவம்மாளை அங்கே கொண்டுவரவில்லை.

புதியது முதல் நாளிலிருந்து சரியாகச் சொல்லியிருக்கிறது. அவள்தான் உட்கார்ந்து அதைத் தப்பாக்கியிருக்கிறாள்.

"பாத்திமா, அவங்க அட்ரஸ் குடு."

"போன் நம்பர் இருக்குக்கா."

"போன் வேண்டாம்."

மறுநாள் காலை ஏரல் பஸ்ஸில் ஏறினாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எப்படிச் சொன்னாலும் சாக்குபோலவே இருந்தது. பஜாருக்குப் பின்னால் இருந்த தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தாள். சுவரில் தோள் உயரத்துக்கு வெள்ளம் நின்ற கோடு வெள்ளையடித்தும் மறையாமல் தெரிந்தது. வடிவம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தனியார் பள்ளியில் வேலை பார்த்து, உடம்பு முடியாமல் நின்றவர். கறுத்து மெலிந்திருந்தார். இடது முழங்கையில் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த நரம்பு சேலைத் தலைப்புக்கு வெளியே தெரிந்தது.

"டீச்சர், என் பேரு சித்ரலேகா. டயாலிசிஸ் சென்டர்ல யாருக்கு எந்த நேரம்னு பட்டியல் போடுத புரோகிராம் இருக்குல்லா, அதை எழுதினது நான்தான்."

"அது ஆளு எழுதுததா? கம்ப்யூட்டரே போடுதுன்னுல்லா நெனச்சேன். உள்ள வாங்க."

சித்ரலேகா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வருடத்தை விட்டுப்போனது, அது ஒதுக்கியது, இடம் காலியாகியும் கொடுக்காதது. வடிவம்மாள் சுவரில் சாய்ந்தபடி கேட்டார்.

"அப்ப என்னை யாரும் வேணும்னு மாத்தல?" என்றார் கடைசியில்.

"இல்ல டீச்சர். யாரும் மாத்தல. நான் எழுதின ஒரு வரி தப்பு."

"வெள்ளத்துல படகுல தூக்கிட்டுப் போயி தூத்துக்குடி ஆஸ்பத்திரில ஒரு தடவை பண்ணி விட்டாவ. அதனால சென்டருக்கு ரெண்டு தடவை வரல. சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டேன்னு, தண்டனையாக் கடைசில போட்டுட்டாவன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கேட்டிருக்கலாமே டீச்சர். பாத்திமா உடனே மாத்தியிருப்பா."

"எப்படிக் கேக்க?" வடிவம்மாள் அவளை நேராகப் பார்த்தார். "இனாமா செய்யுதாவ. இனாமா வாங்குத எடத்துல போயி நேரம் சரியில்லேன்னு எப்படிம்மா கேக்க? இருக்குத எடமும் போயிருமோன்னு பயம்லா."

பகல் ஷிப்டில் இருந்தபோது ஐந்தரை மணிக்கு வீடு வந்து, ஆறு மணிக்கு டியூஷன் எடுப்பாராம். பதினாறு பிள்ளைகள். மூன்றாவது ஷிப்டு வந்தபிறகு வீடு சேரப் பத்தரை மணி ஆனது. மறுநாளும் எழுந்திருக்க முடிவதில்லை. வாரத்தில் நான்கு நாள் போயிற்று. பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. "ஒண்ணரை வருஷம்" என்று மட்டும் சொன்னார். எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சித்ரலேகாவுக்குப் போய்விடலாமா, நிற்பதா என்று தெரியவில்லை. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து நின்றாள்.

வடிவம்மாள் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார். "குடிங்க. எனக்கு ஒரு நாளைக்கே முக்கால் லிட்டருதான் கணக்கு."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"அதெல்லாம் சொல்லத் தெரியல எனக்கு. இப்பச் சொன்னா பொய்யாப் போயிரும். வேற யாராச்சும் என்னை மாதிரி இருக்காவளான்னு பாருங்க. அதைச் செய்யுங்க முதல்ல."

திரும்பி வரும் பஸ்ஸிலேயே பழைய நிரலில் அந்த வரியைத் திருத்தினாள். வெள்ளிக்கிழமை முதல் வடிவம்மாளுக்குப் பதினொரு மணி. அடுத்த நான்கு நாட்கள் வேறெதுவும் செய்யவில்லை. 2012 முதல் எல்லா டிசம்பரையும் எடுத்துப் பார்த்தாள். வெள்ளத்தில் இடம் மாறியவர்களைத் தவிர, பதின்மூன்று வருடத்தில் ஆறு பேர் இதே பொறியில் விழுந்திருந்தார்கள். ஐந்து பேருக்குப் பாத்திமா கையால் மாற்றிக் கொடுத்த பதிவு இருந்தது. ஆறாவது ஆள் பூதத்தான். சீவலப்பேரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த வயல் வேலைக்காரர். 2018 டிசம்பரில் மூன்றாவது ஷிப்டுக்குப் போனவர். சீவலப்பேரிக்காரர்களுக்கென்று எழுதிய நிபந்தனை அவருடைய ஊர்ப்பெயருக்குப் பொருந்தவில்லை. 2019 பிப்ரவரியோடு வருவதை நிறுத்தியிருந்தார். ஏன் என்று எதிலும் எழுதவில்லை. போன் எண் உபயோகத்தில் இல்லை. அந்த ஊருக்குப் போய் விசாரித்தாள். மகள் வீட்டுக்குக் கேரளாவுக்குப் போய்விட்டார், அதன்பிறகு தகவல் இல்லை என்று ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. பூதத்தான் நின்றதற்கு நேரம்தான் காரணமா, வேறு ஏதாவதா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அறக்கட்டளைக் கூட்டத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வேலை தேடிக்கொண்டிருப்பதையும், புதிய பிரேம்ஒர்க் வேண்டும் என்று அவசரப்பட்டதில் அதற்கும் பங்கு இருந்ததையும் சொன்னாள். அம்மையப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரிம்மா. நீ உண்மையச் சொன்ன, அதுக்கு சந்தோஷம். ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. பதிமூணு வருஷம் நீயே பாத்துப் பாத்து வச்ச பழசுலயே இப்படி ஒண்ணு ஒளிஞ்சு கிடந்திருக்கு. நாலு மாசத்துல எழுதுத புதுசுல எத்தனை இருக்கும்? பழசுல தெரிஞ்ச தப்பைத் திருத்தியாச்சு. அதையே ஒரு கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருவோம்."

ஒரு மாதம் முன்பு என்றால் சித்ரலேகா புதிய பிரேம்ஒர்க்கின் சிறப்புகளை அடுக்கியிருப்பாள். இப்போது அவர் சொல்வதே சரி என்றுகூடத் தோன்றியது. மேஜை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பாத்திமாதான் வாயைத் திறந்தாள். "சார், பழசு தப்புன்னு நமக்கு எப்படித் தெரிஞ்சுது? புதுச பக்கத்துல வச்சுப் பாத்ததாலதானே. இல்லேன்னா டீச்சர் இன்னும் பத்து வருஷம் மூணாவது ஷிப்டுலயே வந்திருப்பாவ. பழச பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டா, உள்ள இன்னும் என்ன கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? அக்காவுக்கே மறந்துபோச்சு. அக்காவுக்கு நாளைக்கு வேற வேலை கெடச்சுப் போயிட்டாவன்னா நான் யார்ட்ட கேக்க?"

அம்மையப்பன் கண்ணைத் திறந்தார்.

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்றார். "மாத்துவோம். ஆனா பைய மாத்துவோம். யாருக்கு ஏன் அந்த நேரம்னு எல்லாம் தமிழ்ல எழுதி பாத்திமாட்ட குடுத்திரணும். பட்டியல்ல ஒவ்வொரு பேருக்கு நேராவும் காரணம் வரணும். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா, நேரம் தோதா இருக்கான்னு ஒவ்வொருத்தர்ட்டயும் நேர்ல கேக்கணும். அதை கம்ப்யூட்டர் கேக்காண்டாம், மனுஷங்க கேக்கணும்."

அந்த 412 என்ற வரியை அன்று சாயங்காலமே அழித்தாள். பிறகு நடந்த வேலை முதலில் நடந்ததைப்போல இல்லை. பரபரப்பு போகவில்லை, ஆனால் அது வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. முன்பு எப்போது முடியும் என்று துடித்தவள், இப்போது எதை விட்டுவிட்டோம் என்று துடித்தாள். சந்தைக்குப் போனால் பாதியில் நின்று போனில் ஏதோ குறித்துக்கொள்வாள். அருணாசலம் பேசிக்கொண்டிருக்கும்போது, "ஒரு நிமிஷம், ஆடி மாசம் கோயில் கொடைக்குப் போறவங்களுக்கு என்ன செய்தோம்?" என்பாள். அவர் தனக்கு என்ன தெரியும் என்பதுபோலக் கையை விரிப்பார். அறுபத்திமூன்று நிபந்தனைகள் வந்தன. பாத்திமாவும் அவளும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தார்கள். எட்டு நிபந்தனைகளுக்கு இப்போது ஆளே இல்லை. ஒன்று சித்ரலேகாவின் அப்பாவுக்காக எழுதியது: ஜன்னல் ஓரத்து மெஷின்தான் வேண்டும் என்பார். அதை எடுத்துவிடலாமா என்று பாத்திமா கேட்டபோது, "எடு" என்றாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மையம் விடுமுறையாக இருந்தபோது, மாற்றினார்கள். திங்களும் செவ்வாயும் ஒழுங்காகப் போயின. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்பதாம் மெஷினுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். பாத்திமா காகிதப் பட்டியலைப் பார்த்து ஒருவரைப் பதினொன்றாம் மெஷினுக்கு அனுப்பிவிட்டுத்தான் போன் செய்தாள். சித்ரலேகா பல்கூட விளக்காமல் ஓடி வந்தாள். முந்தின நாள் பழுதாகி மாற்றிய மெஷினைப் புதிய நிரல் இரண்டு பெயரில் எண்ணியிருந்தது. நாற்பது நிமிடத்தில் சரி செய்தாள். அம்மையப்பனுக்கு அவளே போன் செய்து சொன்னாள். அவர், "யாருக்கும் ஒண்ணும் ஆகலேல்லா? சரி. எழுதி வை" என்றார்.

அதற்கு முன்பே, அக்டோபரில், அவள் தள்ளிப்போட்டிருந்த ஜெயராம் கம்பெனி நேர்முகம் நடந்தது. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை ஏன் மாற்றுகிறீர்கள் என்று திரையில் தெரிந்த இருவரில் ஒருவர் கேட்டார். அவள் வடிவம்மாளைப் பற்றிச் சொன்னாள். பூதத்தானைப் பற்றியும் சொன்னாள். தப்பான விடைக்குப் பொருந்தும்படி சரியான நிரலைத் தான் வளைத்ததையும் சொன்னாள். அவர்கள் மரியாதையாக நன்றி சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து வேறொருவரை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

"அதையெல்லாம் எதுக்கு சொன்ன?" என்று ஜெயராம் கத்தினான். "புதுசா செஞ்சதை மட்டும் சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாங்க, சொன்னேன்."

இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் வேறு இரண்டு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். தை மாதத்தில் அதில் ஒன்று, கோயம்புத்தூரில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிற சிறிய நிறுவனம், அரை நாள் வேலை கொடுத்தது. இப்போது மதியம் வரை அந்த வேலை. பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மையத்துக்கு ஒரு நடை.

வடிவம்மாள் டீச்சர் பகல் ஷிப்டில் வருகிறார். டியூஷனுக்கு ஐந்து பிள்ளைகள் திரும்பி வந்திருக்கிறார்கள். சித்ரலேகாவைப் பார்த்தால் தலையை அசைப்பார். அதற்கு மேல் பேசுவதில்லை. முதல் மூன்று மாதக் கேள்விக்கு நூற்றுப் பதினெட்டுப் பேர் பதில் சொன்னார்கள். அதில் பதினான்கு பேர் வேறு நேரம் வேண்டும் என்றார்கள். அதுவரை ஒருவர்கூட வாய் திறந்து கேட்டதில்லை. ஒன்பது பேருக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தது. மீதி ஐந்து பேருக்கு என்ன செய்வது என்று பாத்திமாவும் அவளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னொரு மெஷின் வந்தா சரியாயிரும்க்கா" என்றாள் பாத்திமா.

"மெஷின் வராது. இருக்குததை வச்சு யோசி."

"அப்ப இப்ராஹிம் மாமாட்ட கேப்போம். வெள்ளிக்கிழமைக்குப் பதிலா வியாழக்கிழமை வந்தாவன்னா ஒரு எடம் கெடைக்கும்."

"நீ கேக்கியா, நான் கேக்கட்டுமா?"

"நான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திமா உள்ளே போனாள். சித்ரலேகா அடுத்த பெயருக்குப் போனாள்.